முப்பதுக்கு இருபத்தாறு

என் அத்தான் பஸ்ஸில் வரும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், வலது காலைப் பாருங்கள். முன்னால் போகிற வண்டி கொஞ்சம் வேகம் குறைத்தால் போதும், அந்தக் கால் தரையை அழுத்தும். டிரைவர் பிரேக் போடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே இவர் போட்டுவிடுவார். முப்பத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் வைத்த காரிலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவர். எங்கள் பக்கத்தில் அவருடைய பெயர் பல பேருக்குத் தெரியாது. ‘ரெண்டு பிரேக்’ வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கொண்டுவந்து விட்டுவிடும்.

நான் அவருடைய கொழுந்தியாள், அவர் மனைவிக்கு ஒரே தங்கை. இருபத்தெட்டு வருடம் மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப்போய் ஓய்வு பெற்றவள். அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் மாத்திரைக்காரி. நானும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் ஒன்று சொன்னால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். அக்கா கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வாய்ச்சண்டை ஓய்ந்ததே இல்லை.

அவருக்கு ஒரு கர்வம் உண்டு. “என்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் ஃபெயிலானதில்லை” என்பார். அதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. லைசென்ஸ் சோதனை நடக்கிற நாளில் விடிந்ததும் மைதானத்து வாசலில் போய் நின்றுகொள்வார். ஓட்டிக் காட்டிவிட்டு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் மடக்கிப் பிடிப்பார். “என்ன கேட்டாரு? எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாரு? எங்க நிறுத்தச் சொன்னாரு?” எல்லாவற்றையும் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டு, தன் ஆளை அதே திருப்பத்தில், அதே இடத்தில், நாற்பது தடவை ஓட்டவைப்பார். அவரிடம் படித்தவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமோ தெரியாதோ, சோதனையில் தேறத் தெரியும். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே, “பொறாமை பிடிச்சவ” என்றார்.

யாருமே ஃபெயிலானதில்லை என்று அவர் அளப்பதில் ஒரே ஒரு ஓட்டை. அது என் அக்கா.

அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது அக்காவுக்கு இருபத்துநாலு வயது, எனக்குப் பதினாறு. அவளைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை, அதனால் துணைக்கு என்னையும் அனுப்புவாள். தெருமுனையில் தபால் பெட்டி பக்கத்தில் நாங்கள் இருவரும் நிற்போம். எட்டு மணிப் பாடத்துக்கு அக்கா ஏழரைக்கே போய் நிற்பாள். கார் எப்போதும் பத்து நிமிடம் தாமதம். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு, “மாஸ்டர் இன்னும் வரல” என்பாள். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் சொல்வாள். கார் வந்ததும் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் ஏறிக்கொள்வாள். நான் பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவேன்.

நாலு முறை சோதனைக்குப் போனாள், நாலு முறையும் ஃபெயில். நாலும் ரிவர்ஸில். பாடத்தின்போது அழகாகப் பின்னால் எடுக்கிறவள், சோதனை நாளில் மட்டும் கம்பத்தில் கொண்டுபோய் இடிப்பாள். நாலாவது தடவை இடித்த அன்று சாயங்காலம் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று அப்பா நினைத்தார். அவர் பெண் கேட்டார். அதற்குப் பிறகு அக்கா சோதனைக்கே போகவில்லை. “நீ வேணும்னேதானே இடிச்ச?” என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். சிரிப்பாள், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். சமையலறையிலிருந்து “மாஸ்டர்!” என்று ஒரு குரல் கொடுத்தால், மனிதர் எங்கிருந்தாலும் வந்து நிற்பார். பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் அந்த வீட்டின் சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மறதி வந்தது. சாவியை மறந்தாள், அடுப்பை மறந்தாள், அதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதானே என்று நாங்களும் சால்ஜாப்பு சொல்லிக்கொண்டோம். ஒருநாள் அத்தான் கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் தட்டினார். அக்கா திறந்து, ரொம்ப மரியாதையாக, “உள்ள வாங்க சார். யாரைப் பாக்கணும்?” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கையில் காய்கறிப் பையோடு தன் வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். நான் போனபோதுகூட அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் ‘சார்’ ஆகிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஞாபகப் பிரிவு டாக்டரம்மா ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அதைப் பற்றி எனக்குத் தெரியும். கவுன்ட்டரில் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்! போன ஞாபகத்தை அது திருப்பிக் கொண்டுவராது. சில பேருக்கு, இருப்பது போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். இதை அத்தானிடம் தெளிவாகச் சொன்னேன். “பிரேக் மாதிரி, இல்லையா?” என்றார். ஆமாம் என்றேன். அவருக்குப் பிரேக் என்றால் போதாதா? உடனே மாத்திரை மேல் பக்தி வந்துவிட்டது.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னால் வந்து நின்ற அக்கா, “மாஸ்டர், கண்ணாடியில பின்னாடி வர்றதையும் பாருங்க” என்று சொல்லிச் சிரித்தாள். அது அவர் பாடத்தில் தினமும் சொல்கிற வாக்கியம். அத்தான் முகத்தில் பாதி சோப்போடு, இரண்டு தெரு தாண்டி என் வீட்டுக்கு ஓடிவந்தார். “கூப்பிட்டா! மாத்திரைக்காரி, அவ என்னைக் கூப்பிட்டா!” மூச்சு வாங்கியது. எழுபத்திரண்டு வயது மனிதர் என் வாசலில் நின்று அழுதார். நானும் அழுதேன், பிறகு முகத்தைத் துடைக்கச் சொல்லித் துண்டைக் கொடுத்தேன்.

அது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு மறுபடியும் சார்தான். ஆனால் ஒரு தடவை வந்தது இன்னொரு தடவை வராதா என்று அவர் தினமும் காத்திருந்தார். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் முகம் நிமிரும்.

இப்போது அந்த அரசாங்கத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயந்துவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஒரு மருந்து அட்டை கொடுக்கிறார்கள். மருந்துகளுக்கு இரண்டு பட்டியல். முதல் பட்டியலில் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி சாதாரண மருந்துகள். சீட்டையும் அட்டையையும் நீட்டினால், உங்கள் பங்கு ஒரு சின்னத் தொகை, மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பட்டியல் விலை கூடின மருந்துகள். அதற்கு டாக்டர் தனியாகப் படிவம் எழுதி, அலுவலகம் சிறப்பு அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். வருடா வருடம் மறுபடியும் பரிசோதித்து, மறுபடியும் எழுதி, மறுபடியும் வாங்க வேண்டும். மஞ்சள் மாத்திரை இரண்டாவது பட்டியலில் இருந்தது. அட்டை இல்லாமல் வாங்கினால் அத்தானின் மாத வருமானத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

முதல் வருடம் முடியும்போது ஒரு கடிதம் வந்தது. ‘பயனாளியின் நினைவாற்றல் மறுமதிப்பீடு செய்யப்பட்ட பின்னரே அனுமதி நீட்டிக்கப்படும்.’ அத்தான் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இது என்ன மாத்திரைக்காரி, மறுமதிப்பீடு?”

“அதான் அத்தான், போன வருஷம் கேள்வி கேட்டாங்களே, அதே டெஸ்ட். முப்பது மார்க்குக்கு.”

“மார்க் குறைஞ்சா?”

“குறைஞ்சா மாத்திரையை நிறுத்திடுவாங்க.”

இதைச் சொன்னபோது என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான். நான் பொய் சொல்லவில்லை. பத்துக்குக் கீழே போனால், இனி மருந்தால் பயனில்லை என்று நிறுத்துவார்கள். அப்படி நின்றுபோன ஒரு தையல்காரருடைய மகன் என் கவுன்ட்டரில் கடிதத்தை வைத்துக்கொண்டு திகைத்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அந்தப் பாதி. தெரியாத பாதியைத் தெரியாது என்று சொல்லாமல் போனதுதான் என் குற்றம். இருபத்தெட்டு வருட அனுபவம் என்ற மிதப்பு.

“அப்போ இது பரீட்சை” என்றார் அத்தான்.

“பரீட்சைதான்.”

அவர் கண்ணில் ஒரு பழைய வெளிச்சம் வந்தது. உடனே சட்டைப்பை நோட்டை எடுத்தார்.

ஞாபகப் பிரிவில் புதன்கிழமைதான் சோதனை. அத்தான் ஐந்து புதன்கிழமை அந்த நடைக்கூடத்தில் போய் உட்கார்ந்து, வெளியே வருகிறவர்களை மடக்க ஆரம்பித்தார். “ஐயா, உள்ள என்ன கேட்டாங்க?” என்று முதலில் கேட்ட மனிதர், “எங்க உள்ள?” என்று திருப்பிக் கேட்டார். அடுத்து வந்த அம்மாள் அவரைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, ஏன் இத்தனை நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டாள். மறதிச் சோதனைக்கு வந்தவர்களிடம் போய்க் கேள்வியை ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னவர் உலகத்திலேயே என் அத்தான் ஒருவராகத்தான் இருப்பார். பிறகு புத்தி வந்து, கூட வந்தவர்களைக் கேட்டார். மூன்று மூன்று சொல்லாகச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்கிறார்கள், மொத்தம் மூன்று தொகுதிதான் என்று கண்டுபிடித்துவிட்டார். சாவி, மேசை, ஆரஞ்சு. குடை, ரொட்டி, மணி. கப்பல், சீப்பு, துணி.

வீட்டில் பாடம் தொடங்கியது. காரை எடுப்பதற்கு முன் சொல்லும் வரிசை அக்காவுக்கு இன்னும் மறக்கவில்லை: சீட், கண்ணாடி, நியூட்ரல். அதன் வாலில் இவர் கோத்தார். “சீட், கண்ணாடி, நியூட்ரல், சாவி, மேசை, ஆரஞ்சு.” நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை டெலிபோன் நம்பர் மாதிரி உருப்போட வைத்தார். தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. கடைசியில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், எதுவானாலும் சரி. அதற்கும் ஒன்றைத் தயார் செய்தார்: ‘இன்று வானம் தெளிவாக இருக்கிறது.’ அதைத் தினமும் பத்து தடவை எழுத வைத்தார்.

அக்காவுக்கு அந்தப் பாடம் பிடித்துப்போயிற்று. காலையில் சாப்பிட்டதும் தலையை வாரிக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும், “சரியா சார்?” என்று முகத்தைப் பார்ப்பாள். “ரொம்ப சரி” என்பார் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்துகொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் அத்தனை சந்தோஷமாக இருந்து பார்த்து வெகு காலமாகியிருந்தது.

சோதனை நாளில் வெளுத்து வாங்குகிற மழை. பஸ்ஸில் போகும்போதே தேதி, கிழமை, எத்தனாவது மாடி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே அக்கா தடங்கலே இல்லாமல் ஒப்பித்தாள். ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருக்க, இன்று வானம் தெளிவாக இருக்கிறது என்று எழுதினாள். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், வாக்கியத்தில் பிழை இல்லையே, மதிப்பெண் போட்டாள். முப்பதுக்கு இருபத்தாறு. போன வருடம் இருபதுதான்.

அத்தானைப் பிடிக்க முடியவில்லை. நடைக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். “நாப்பத்துநாலு வருஷம் கழிச்சுப் பாஸாயிட்டா! இனிமே ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது” என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நானும் கையைத் தட்டினேன், மடச்சி.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ‘மதிப்பெண் அனுமதிக்கப்பட்ட வரம்புக்கு மேல் இருப்பதால், பயனாளிக்கு இம்மருந்து தேவைப்படும் நிலை நிரூபிக்கப்படவில்லை. நீட்டிப்பு மறுக்கப்படுகிறது.’

அத்தான் அதை மூன்று தடவை படித்தார். “பாஸ் பண்ணினதுக்குத் தண்டனையா?” என்றார்.

அவரை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவை ஒரு பிடி பிடித்தேன். மனிதர் பொறுமைசாலி. முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டார், கீழே ஒன்று, மேலே ஒன்று.

“பாருங்கம்மா. பத்துக்குக் கீழ போனா மருந்து வேலை செய்யாதுன்னு நிறுத்துவாங்க. இருபத்துநாலுக்கு மேல போனா நோய் இருக்குன்னே எடுத்துக்க மாட்டாங்க. நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் இந்தத் திட்டம். நோய் இருக்கிறவங்களுக்குத்தானே மருந்து? இவங்க நல்லா இருக்காங்கன்னு உங்க பேப்பர்தான் சொல்லுது.”

“நல்லா இல்லைங்க” என்றார் அத்தான். “என்னை யாருன்னே அவளுக்குத் தெரியாதுங்க.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். “அப்புறம் எப்படி இருபத்தாறு?”

அத்தான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான்தான் பரீட்சை என்று சொன்னவள் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை. நானே சொன்னேன். குமாஸ்தா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், டாக்டர் மறுபடியும் சோதனை வைக்கட்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அத்தான் எழுதினார். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ‘என் மனைவிக்குக் கேள்விகளை முன்கூட்டியே அறிந்து பயிற்சி கொடுத்தது நான்தான். அவள் பெற்ற மதிப்பெண் அவளுடையது அல்ல, என்னுடையது. என் தொழிலில் எல்லோரையும் இப்படித்தான் தேறவைத்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. தயவுசெய்து மருந்தை நிறுத்த வேண்டாம்.’ கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினார்.

டாக்டரம்மா மறுசோதனைக்கு நாலு வாரம் தள்ளித் தேதி கொடுத்தாள். கூடவே ஒரு கண்டிப்பு. “ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கக் கூடாது. தேதிகூடச் சொல்லாதீங்க. பழைய கேள்வியை எடுக்க மாட்டேன், இதுவரைக்கும் யார்கிட்டயும் கேட்காததை எடுப்பேன். அவங்க எப்படி இருக்காங்களோ, அப்படியே கூட்டிட்டு வாங்க.”

அந்த நாலு வாரத்தை எப்படிச் சொல்வது? வீட்டுக் காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். மாத்திரை அட்டையில் பதினெட்டு மிச்சம் இருந்தது. தினமும் ஒன்று குறைந்தது. காலையில் அக்கா தலையை வாரிக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து, “இன்னைக்குப் பாடம் இல்லையா சார்?” என்பாள்.

“இல்லைம்மா. லீவு.”

“நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா சார்?”

“சேச்சே. நீ எல்லாம் சரியாத்தான் சொன்ன.”

அவள் முகம் தொங்கிப்போகும். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போவாள். மறுநாள் மறுபடியும் வருவாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வருவது நின்றது. சாவி, மேசை, ஆரஞ்சு எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒருநாள் அத்தான் என்னிடம், “அவ மறக்கணும்னு வேண்டிக்கிறேன், மாத்திரைக்காரி. நானே வேண்டிக்கிறேன். என்னைவிடப் பாவி உண்டா?” என்று கேட்டார்.

பதினெட்டு மாத்திரையும் தீர்ந்தது. நடுவில் நாட்கள் வெறுமையாகப் போகக் கூடாது என்று முழு விலை கொடுத்து ஒரு மாத்திரை அட்டை வாங்கினார். அடுத்த அட்டை வாங்க வழியில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மறுசோதனைக்கு நல்ல வெயில். பஸ்ஸில் இந்தத் தடவை தேதியும் இல்லை, கிழமையும் இல்லை. அத்தானின் கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. டாக்டரம்மா எங்களைச் சுவரோரம் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் உட்கார்ந்தாள்.

“இது என்ன மாசம்னு சொல்ல முடியுமா?”

“மழைக் காலம்” என்றாள் அக்கா. அத்தானின் கால் தரையில் அழுந்தியது.

“இது எந்த இடம்?”

“பள்ளிக்கூடம்.” கால் அழுந்தியது.

நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்றதற்குத் தொண்ணூற்றுமூன்று என்று சொன்னாள், அதற்கு மேல் நகரவில்லை. மூன்று புதுச் சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது ஒன்று மட்டும் நினைவிருந்தது. ஒவ்வொரு தவறுக்கும் அந்த வலது கால் பிரேக் போட்டது, வண்டி நிற்கவில்லை. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எனக்கு வலித்தது, விடச் சொல்லவில்லை.

“கடைசியா ஒண்ணு. உங்களுக்கு மனசுல என்ன தோணுதோ, ஒரு வாக்கியம் எழுதுங்க. எது வேணும்னாலும்.”

அக்கா பென்சிலை எடுத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள், வாசல் பக்கம் பார்த்தாள். அப்புறம் குனிந்து, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். டாக்டரம்மா தாளைத் திருப்பி, முழு வாக்கியம்தானா என்று பார்ப்பதற்காக மெதுவாக வாய்விட்டுப் படித்தாள்.

“மாஸ்டர் இன்னும் வரவில்லை.”

அத்தானின் கை என் மணிக்கட்டிலிருந்து நழுவியது.

“மாஸ்டர் யாரும்மா?” என்று கேட்டாள் டாக்டரம்மா.

“எங்க மாஸ்டர். எப்பவும் பத்து நிமிஷம் லேட்டாத்தான் வருவாரு” என்றாள் அக்கா. குரலில் அந்தப் பழைய பெருமை. “ஆனா வராம இருக்க மாட்டாரு.”

ஒரு வருடமாக இவர் எந்த வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தாரோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. நாலு அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர் இன்னும் வரவில்லை என்று வந்தது. டாக்டரம்மா எங்கள் பக்கம் பார்த்தாள், எதையோ புரிந்துகொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு கூட்டினாள். பதினேழு. இரண்டு கோட்டுக்கும் நடுவில். படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், இந்தத் தடவை மறுக்க மாட்டார்கள் என்றாள்.

அத்தான் எழுந்து அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். எங்காவது மறைவாக நின்று அழப் போகிறார், அழட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காவைக் கூட்டிவந்து நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

“இன்னும் வரல” என்றாள் என்னிடம்.

“வந்துடுவாரு அக்கா.”

கொஞ்ச நேரம் கழித்து முன்வாசல் வழியாக ஒரு மனிதர் உள்ளே வந்தார். தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தது. வெளியே தொங்கிக்கொண்டிருந்த சட்டையை உள்ளே விட்டிருந்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே, அந்த நாளில் காரிலிருந்து இறங்கி வருகிற அதே அவசர நடையில் வந்து, அவளுக்கு முன்னால் நின்றார்.

“வந்துட்டேன். முன்னாடி இருந்த ஆளு ரிவர்ஸ்ல நேரத்தை இழுத்துட்டாரு.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் மாஸ்டர்!” என்றாள். “கால் கடுத்துப்போச்சு.”

“தப்புதான்.”

“இன்னைக்கும் ரிவர்ஸா?”

“வேண்டாம்” என்றார் அத்தான். அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “இன்னைக்கு நேராவே போவோம்.”

அவள் எழுந்தாள். என் பக்கம் திரும்பாமலே கைப்பையை என்னிடம் நீட்டிவிட்டு அவரோடு நடந்தாள். நான் பையை வாங்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் பின்னாலேயே போனேன்.